பங்களாவில் இன்டர்நெட் நல்லாயிருக்காம்!

போன வாரம் டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு, என் தங்கை ஜெயந்தியைப் பார்க்கப் போயிருந்தேன். ரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்!

தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில், ஜெயந்தி தன் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். கொஞ்ச நாளாகப் பாடத்தின் நடுவில் படம் அப்படியே நின்றுவிடுகிறது. இன்னொரு தடவை இணைப்பு அறுந்தால் வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிடுவோம் என்று அதை ஏற்பாடு செய்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை ஒன்று வரும், பார்த்திருக்கிறீர்களா? அதில் ‘பிங்’ என்று டைப் செய்தால், நாம் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, வழியில் தொலைந்ததா என்று வரி வரியாகச் சொல்லும். ஜெயந்தி அடித்துப் பார்த்தாள். பாதிக்குப் பாதி தொலைகிறது! அதை அப்படியே இணைப்பு தந்த கம்பெனிக்கு அனுப்பிவிட்டு போன் போட்டாள்.

“இந்த எழுத்தெல்லாம் வேணாம் மிஸ். எங்க ஆப்ல செக் பண்ணுங்க. ஒரு பட்டன்தான்... ஈஸி” என்றது மறுமுனை.

ஈஸியாம்! உள்ளே ஓடுவது அதே ‘பிங்’தான். மேலே கலர் சட்டை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சட்டைக்கு முதலில் விலாசம் வேண்டும். வீதிப் பெயர் என்ன, வீட்டு நம்பர் என்ன? லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் ஏது? எங்கள் கடிதமே தோட்டத்து ஆபீசுக்குத்தானே வருகிறது! தோட்டத்தின் பெயரைப் போட்டாள். மேப் நேராகத் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் போய் நின்றது. ஆப் பங்களாவின் இணைப்பைச் சோதித்து, பச்சை வட்டம் போட்டு, ‘உங்கள் இணைப்பு மிக நன்று’ என்றது. ஜெயந்தி மறுபடியும் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“தம்பி, அது தொரை பங்களாங்க. எங்க லயம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு.”

“சிஸ்டத்துல ஓகேன்னு காட்டுதே மிஸ்...”

“சிஸ்டமா பாடம் எடுக்குது? நான்தாங்க எடுக்குறேன்!”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நம்ம வீட்டையே காணோம்ங்கிறான் அண்ணே. அப்புறம் எங்க கோளாறக் கண்டுபிடிக்கப் போறான்?”

பட்டனுக்கு நான் எதிரி இல்லை. கறுப்புத் திரையைக் கண்டால் எனக்கும் கொஞ்சம் உதறல்தான். தாராளமாகப் படம் போட்டுக் காட்டுங்கள். ஆனால் கீழே என்ன நடக்கிறது என்பதையும் காட்டுங்களேன்! கறுப்புத் திரை ஜெயந்தியிடம் விலாசம் கேட்கவில்லை. அவள் கேட்டாள், அது உள்ளதைச் சொன்னது. இந்த அழகான ஆப்போ, எவர் வீட்டுச் சுகத்தையோ விசாரித்துவிட்டு வந்து அவளை நலம் என்கிறது. கோபம் வருமா, வராதா?

திங்கட்கிழமை, பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வகுப்பு அறுந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது வேறு டீச்சரிடம் படிக்கிறார்கள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது — மாத பில்! அது மட்டும் வழி தவறிப் பங்களாவுக்குப் போகவில்லை... நேராக ஜெயந்தியின் போனுக்கே வந்துவிட்டது.