மாமாவின் உப்பில்லாக் கஞ்சி

அரசு ஆணை கையெழுத்தாவதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் இடையே எவ்வளவு காலம் போகும் என்பது, பணிக்காலம் முழுதும் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாடத்தை நான் முதலில் கற்றது மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, எங்கள் வீட்டு அடுக்களையில்.

அந்த வருடம் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, உற்சாகம் தலைக்கேறிவிட்டது. தூக்கம் போயிற்று, பேச்சு நிற்கவில்லை. பேச்சிப்பாறை அணையிலிருந்து கடியப்பட்டணம் வரை கால்வாயில் கப்பல் விடப்போவதாகத் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி, இரண்டொருவரை வேலைக்கும் அமர்த்திவிட்டார். திருவனந்தபுரத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை உப்பையும் தண்ணீரையும் குறைக்கக் கூடாது, குறைத்தால் மருந்தே ரத்தத்தில் விஷமாகிவிடும் என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னாராம்.

பெரியம்மாவுக்கு வாரக்கணக்கெல்லாம் ஒத்துவரவில்லை. தலைநோய் தீர மண்டைக்காட்டு அம்மனுக்கு தலை உருவத்தில் மண்டையப்பம் படைப்பதாகவும், கோயில் கொடைவிழா வரைக்கும் தம்பி உப்பில்லாமல் சாப்பிடுவான் என்றும், அவரைக் கேட்காமலே நேர்ந்துவிட்டாள். அம்மா டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னாள். உன்னால் விரதம் காக்க முடியாவிட்டால் அவனை என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள் பெரியம்மா. அதன்பின் அம்மா வாதாடவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டு மாமாவின் கஞ்சியில் உப்புப் போட்டாள்.

பெரியம்மா தினமும் மதியம் மேற்பார்வைக்கு வருவாள். வாயில் எதுவும் தங்காத மாமா முதல் நாளே போட்டு உடைத்தார்.

"அக்கா, கஞ்சியில உப்பு நல்லா பிடிச்சிருக்கு."

அம்மா அசரவில்லை. "பேச்சிப்பாறையில கப்பல் விடுதேன்னுந்தான் சொல்லுதான். அதையும் நம்புதியாக்கா?"

நேர்ச்சைக் கஞ்சியில் வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது பெரியம்மாவே வகுத்த விதி. ஆகவே சோதித்துப் பார்க்க வழியில்லை. மாமா தினமும் உண்மையைச் சொல்வதும், அம்மா அதைக் கிறுக்கின் தலையில் கட்டுவதுமாக நாட்கள் போயின. மருந்தின் பக்கவிளைவாக மாமாவின் விரல்கள் லேசாக நடுங்கத் தொடங்கியபோது, அது தெரியாமல், அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று பயந்து அம்மாவிடம் கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாததா மக்கா? மருந்து பிடிக்குத வர பொறுப்பா" என்று சொல்லிக்கொண்டே அம்மா உப்பை அள்ளிப் போட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம் பெரியம்மா வழக்கம்போலக் கேட்டாள். "கஞ்சி எப்பிடிலே இருக்கு?"

மாமா அடுக்களை வாசலில் நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"சப்புன்னு இருக்குக்கா" என்றார்.

பெரியம்மா திருப்தியாகக் கிளம்பிப் போனாள். அம்மா அடுக்களைக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் உண்மையே பேசிய தம்பி பொய் சொல்லிவிட்டாரே என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன். நேரே மாமாவிடம் போய், பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எச்சரித்தேன். மாமா மெல்லத் தலையாட்டினார். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தார்.