சிவானுஜா போட்ட அரைப்பேர்

என் தங்கச்சி சிவானுஜாவிடம் ஒரு படம் எப்படி என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வராது. யார் எந்த இடத்தில் பொய்யாக அழுதார்கள், எந்தப் பாட்டு வீணாக வந்தது என்று விவரமாகச் சொல்வாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவள் உயர்தரம் வரை படித்து, பண்டாரவளையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். எங்கள் பூனாகலைத் தோட்டத்திலிருந்து போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நூலகப் புத்தகம். லீவு நாளில் போனில் படம். வாரம் ஒருமுறை, பார்த்ததையும் வாசித்ததையும் பற்றி எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாகப் பேசிப் போடுவாள். கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் படத்துக்கே போவார்கள். தங்கச்சி என்பதற்காகச் சொல்லவில்லை. ஒருமுறை தொண்டை கட்டி அவள் பேசாமல் விட்டபோது, கட்டாரிலிருந்து ஒருவர் "இந்த வாரம் ஏன் இன்னும் வரல?" என்று கேட்டிருந்தார்.

மதிப்புப் போட அவளுக்கென்று ஒரு முறை உண்டு. தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது, குறித்த எடை இருந்தால் அன்றைக்கு முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. அம்மா கொழுந்தெடுத்த காலம் முழுவதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சாயங்காலப் பேச்சே அதுதான். சிவானுஜா அதைப் படங்களுக்கும் புத்தகங்களுக்கும் கொண்டுவந்தாள்.

போன மாதம் ஒரு பெரிய சண்டைப் படத்தைப் பற்றி இப்படிச் சொன்னாள்: "ஊரையே அடிக்கிறாரு. படம் முடியிற வரைக்கும் ஒரு வாய் சோறு திங்கல. தெம்பு எங்கேருந்து வருது? அரைப்பேருகூட கெடையாது." யாழ்ப்பாணத்து நாவல் ஒன்றில், காணாமல் போன கணவனைத் தேடி அலைகிற பெண், அசதியில் பஸ்ஸில் தூங்கி, இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிடுகிறாள். "அந்தத் தூக்கத்துக்கே முழுப்பேரு" என்றாள். அந்தப் பக்கத்தை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

இப்படிப்பட்டவளுக்கு மடுல்சீமையிலிருந்து ஒரு வரன் வந்தது. பெயர் கிரிஷாந்தன். பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். முன்பு வந்த எல்லா வரன்களிலும் குற்றம் கண்டவள், இவர் பார்த்துவிட்டுப் போனபிறகு வாயே திறக்கவில்லை. பிறகு போனில் பேசத் தொடங்கினார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டால் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்.

தட்டு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கிரிஷாந்தன் தான் எடுத்த குறும்படத்தை அனுப்பினார். தோட்டத்தை விட்டுப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் கதை. தாயாக நடித்திருந்தது அவருடைய அம்மா ராசம்மா. "மத்தப் படத்துக்குப் பேசுற மாதிரியே இதுக்கும் பேசுங்க" என்று அவரேதான் கேட்டார்.

"கொஞ்சம் பாத்துப் பேசுடி" என்றேன்.

"பாத்துட்டுத்தான்க்கா பேசுவேன்."

பேசினாள். கடைசியில் அரைப்பேர் போட்டு, அந்தப் பதிவை அவருக்கும் அனுப்பினாள். மறுநாள் காலையில் ராசம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"ஏம்மா, ஒங்க தங்கச்சி எனக்கு அரைப்பேரு போட்டிருக்காளே?"

"ஒங்களுக்கு இல்லீங்க அத்த, படத்துக்கு."

"படத்துல யாரு இருக்கா? நாந்தானே இருக்கேன்! மழையில நனைஞ்சு, அட்டக்கடி வாங்கிட்டு வந்து, மலையில அரைப்பேரு போடுறப்பவே வவுறு எரியும். வரப்போற மருமகளும் போடணுமா? நாள் பாக்குறத நிப்பாட்டுங்க."

விஷயத்தைச் சொன்னதும் சிவானுஜா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அரைப்பேரு விழுந்த அன்னிக்கு நம்ம அம்மா யாரு மொகத்தையும் பாக்க மாட்டாங்கல்லக்கா? நான் அத வெளயாட்டா ஆக்கிட்டேன்."

"இப்பவே அழிச்சிட்டு, படம் நல்லாருக்குன்னு சொல்லிரு."

"சொல்லுக்கு மன்னிப்புக் கேக்குறேன். படத்துக்கு எப்புடிக்கா? பொய்யில ஆரம்பிச்சா அந்த வீட்டுல காலம்பூரா பொய்தானே பேசணும்?" அவள் கண் கலங்கியிருந்தது. அவரை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பசறை வழியாக மடுல்சீமைக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. ராசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே "வாங்க" என்றார். தேத்தண்ணி வந்தது. கிரிஷாந்தன் சுவரோரம் நின்றார்.

"அத்த, அந்தச் சொல்லு சொன்னது தப்பு" என்றாள் சிவானுஜா.

"அப்ப படம் நல்லாருக்கா?"

"இல்லத்த."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"மகனுக்குப் பேசுவோமா வேணாமான்னு, போனை முந்தானையில தொடச்சிக்கிட்டே இருப்பீங்களே, அதப் பாத்து அழுதுட்டேன். ஆனா ஒடனே ஒங்கள விட்டுட்டு மூடுபனியக் காட்டுறாரு. அப்புறம் மலை. மறுபடியும் மூடுபனி. எனக்கு ஒங்களத்தான் பாக்கணும்னு இருந்திச்சு."

ராசம்மா மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னேன்லடா? தெனம் பாக்குற பனிய எதுக்குடா புடிக்கிறேன்னு? வெள்ளனே குளிருல என்னைய நிக்கவச்சிட்டு இவன் பனியப் புடிச்சான்மா!"

"அது ஒரு அழகுக்கும்மா..."

"அப்ப நான் அழகா இல்லியாடா?"

சிவானுஜாதான் முதலில் சிரித்தாள். கிரிஷாந்தன் தலையைச் சொறிந்துகொண்டு, அம்மாவை எடுத்ததில் வெட்டிய பகுதிகள் இன்னும் நிறைய இருப்பதாகச் சொன்னார். "வெட்டிட்டீங்களா? எங்க, காட்டுங்க" என்று அவள் எழுந்தாள். இருவரும் லெப்டொப் முன்னால் உட்கார்ந்து சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

ராசம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒங்க தங்கச்சி எப்பவும் இப்புடித்தானா?"

"எப்பவும் இப்புடித்தாங்க அத்த."

"சமையலப் பத்தியும் சொல்லுவாளா?"

"சொல்லுவா அத்த. இத்தன வருஷமா நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சரி, ஆவணியில நாள் பாருங்க. அதுக்குள்ள நான் ரசத்தக் கொஞ்சம் ஒழுங்கா வைக்கப் பழகிக்கிறேன்."