மாபிள் கல்லில் ஏழு தேசிக்காய்

"இந்த வாவியில கறை புடிச்சாலும் கொண்டு வாங்க, அசறுத் தொழுகைக்கு முன்ன கழுவித் தாறன்."

இப்படிச் சொன்னவள் காத்தான்குடி நபீஸா. சொன்ன இடம் ஒரு கலியாண வீட்டுச் சமையலறை, அதாவது குசினி. கேட்டவர்கள் பதினாறு பெண்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. மட்டக்களப்பு வாவி முப்பது மைலுக்கு மேல் நீண்டு கிடக்கிறதே, அதை எங்கே வைத்துத் தேய்ப்பாய் என்றும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு வழி சொல்லிவிடுவாள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

நபீஸாவின் புகழ் ஒரே நாளில் வந்ததல்ல. பதினைந்து வயதில் கச்சி முகம்மதுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் சாரன் வியாபாரி. கைலிகளைத் தறியிலிருந்து வாங்கி ஏறாவூர், ஓட்டமாவடி வரை கொண்டுபோய் விற்பவர். கலியாணமான மூன்றாம் மாதம் ஒரு கட்டுச் சாரனில் வாழைக்கறை பட்டுவிட்டது. கட்டோடு தூக்கி எறிய இருந்தார். நபீஸா அதைப் பறித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மறுநாள் அந்தச் சாரன்கள் முன்னைவிட நல்ல விலைக்குப் போயின. அன்றிலிருந்து கச்சி முகம்மது கறை விஷயத்தில் மனைவியை எதிர்த்துப் பேசியதில்லை. மற்ற விஷயங்களிலும் பேசாமலிருப்பது உடம்புக்கு நல்லது என்று பிறகு கண்டுகொண்டார்.

அவளிடம் இருந்த ஆயுதங்கள் மூன்றே மூன்று: சாம்பல், பழப்புளி, தேசிக்காய் என்கிற எலுமிச்சை. இந்த மூன்றுக்கும் அடங்காத பித்தளையோ, பலகையோ, துணியோ இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முன் வந்ததில்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனிதரின் முகத்தைப் பார்க்கமுன் செம்பின் அடியைப் பார்ப்பாள். அவள் தெருமுனையில் திரும்புவது தெரிந்தால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்குவதற்கு முன் பாத்திரங்களைத் தூக்கி ஒளித்தார்கள்.

வாவியைக் கழுவித் தருவதாகச் சொன்னதைக் கேட்ட பதினாறு பேரில் ஏறாவூர் ஸஹீதா ஒருத்தி. அவளுக்கு ஒரே மகன். "இந்தக் கையில வளந்த புள்ளதான் என்ட மகனுக்கு வேணும்" என்று அங்கேயே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஆக, நபீஸாவின் மகள் றபீக்காவுக்கு வந்த சம்பந்தம் அழகுக்கும் வரவில்லை, சீதனத்துக்கும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு வந்தது. வார்த்தை பொய் என்று ஆனால் சம்பந்தமும் வந்த வழியே போய்விடும்.

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து வாழ்வதும் இந்தப் பக்கத்து வழக்கம். வீடு பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் கூரையைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள். ஸஹீதா பார்க்க வரப்போவது குசினியை என்று தெரிந்ததும், கச்சி முகம்மது மட்டக்களப்பில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தரின் பங்களாச் சாமான்கள் ஏலம் போனபோது மேசைப் பலகை போன்ற ஒரு மாபிள் கல்லை, சலவைக்கல்லை, எடுத்தார். பாலைப் போல வெள்ளை. குனிந்தால் முகம் தெரியும். தோணியில் ஏற்றி, ஆறு பேர் சுமந்து, குசினியில் செங்கல் கட்டி அதன்மேல் இருத்தினார்கள். அதை என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சமைப்பது நிலத்தில், அரைப்பது அம்மியில். இருந்தாலும் நபீஸா தினமும் மூன்று தரம் அதைத் துடைத்தாள்.

1938ஆம் ஆண்டு, பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை. மதிய ளுஹர் தொழுகை முடிய ஏறாவூரிலிருந்து கார் வரும் என்று ஏற்பாடு. காலை ஒன்பது மணிக்கு நபீஸா குசினிக்குள் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கல்லின் நடுவில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சள்.

"றபீக்கா!"

றபீக்கா ஓடி வந்தாள். மீனுக்குப் பூச அரைத்த மஞ்சளை உருட்டி, விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கல்லின்மேல் வைத்துவிட்டுக் கோழியைத் துரத்தப் போனவள் அதை மறந்துபோயிருந்தாள்.

"மினுமினுப்பான கல்லுத்தானே உம்மா, துடைச்சாப் போகும் எண்டு நெனச்சன்."

"துடைச்சுப் பாத்தியா?"

"பாத்தன். போகல்ல."

"ஒன்ட கையால போகாது. தள்ளு."

நபீஸா முக்காட்டை இடுப்பில் செருகினாள். தேங்காய் நார்ப் பொச்சில் ஈரச் சாம்பலைத் தொட்டு நாலு இழுப்பு இழுத்தாள். மஞ்சள் போகவில்லை. சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது கலியாணத்தில் ஆலாத்தி எடுக்கிற எல்லோருக்கும் தெரியும், நபீஸாவுக்கும் தெரியும். சாம்பலும் அதே வேலையைச் செய்யும் என்பதை அந்த அவசரத்தில் அவள் நினைக்கவில்லை. வெள்ளைக் கல்லின் நடுவில் இப்போது ஆடு அறுத்த இடம் போல ஒரு சிவப்பு.

கச்சி முகம்மது வாசலில் தலையை நீட்டினார். "இஞ்ச, என்ன இது, கறி ஆக்க முன்ன குர்பான் குடுத்திட்டீங்களா?"

"வாய மூடிக்கிட்டுத் தேசிக்காய் புடுங்கிட்டு வாங்க."

"எத்தனை?"

"மரத்துல கிடக்கிறதெல்லாம்."

ஏழு கிடைத்தன. முதலாவதைப் பிழிந்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. நபீஸா மூச்சு விட்டாள். கல்லின்மேல் சின்னச் சின்ன நுரை கிளம்பியது.

"பாரு, பாரு! கறை சாகுது" என்றாள்.

இரண்டாவது, மூன்றாவது. நுரை கூடியது. தேய்த்தாள். நாலாவதைப் பிழிந்து, ஊறட்டும் என்று விட்டாள். தெருவில் ஏதோ கார் ஊதியது; மூவரும் அசையாமல் நின்றார்கள். கார் கடந்து போயிற்று. ஐந்து, ஆறு, ஏழு. கை எரிந்தது. பள்ளியில் ளுஹர் பாங்கு கேட்டபோது தண்ணீர் ஊற்றித் துணியால் ஒற்றி எடுத்தாள்.

மஞ்சள் மெலிந்திருந்தது, போகவில்லை. அது கிடந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கல்லின் மினுக்கம் முழுதும் போயிருந்தது. குனிந்து பார்த்தாள். நெற்றி தெரிந்தது, நாடி தெரிந்தது, நடுவில் முகம் இல்லை. விரலை வைத்தாள். வழுவழுவென்று வந்த விரல் அந்த இடத்தில் பழைய சுவரில் உரசுவதுபோல் உரசியது. செத்தது கறை அல்ல.

"திருப்பிப் போட்டாலென்ன?" என்றார் கச்சி முகம்மது மெதுவாக.

"ஆறு பேர் தூக்கின கல்லு. அவங்க எல்லாம் இப்ப தொழுகையில."

"எல்லாத்தையும் நான்தான் செஞ்சதெண்டு சொல்லிருங்க உம்மா" என்றாள் றபீக்கா. அழுகையைப் பிடித்துவைத்திருந்தாள்.

நபீஸா உள்ளறைக்குப் போனாள். வெற்றிலைத் தட்டான வட்டாவை எடுத்து வந்து அந்த இடத்தின்மேல் வைத்தாள். சரியாக மூடியது. அதன் பித்தளை பளபளவென்று இருந்தது.

ஸஹீதா வந்தாள். கூரையைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. நேரே குசினிக்கு வந்து கல்லின் முன் கதிரையில் உட்கார்ந்தாள். விளிம்பைத் தடவினாள். "அல்ஹம்துலில்லாஹ், கண்ணாடிதான்" என்றாள். ஒரு வெற்றிலை எடுக்கக் கையை நீட்டினாள். வட்டா ஒரு நூல் நகர்ந்தது. றபீக்கா தேநீர்த் தட்டை நடுவில் நீட்டினாள். நபீஸா வெற்றிலையைத் தானே எடுத்து, சுண்ணாம்பு தடவி, மடித்துக் கொடுத்தாள்.

பேச்சு நடந்தது. நாள் பார்த்தார்கள். ஸஹீதாவின் மனம் நிறைந்திருந்தது முகத்தில் தெரிந்தது. எழுந்து, முக்காட்டைச் சரிசெய்தாள். வெளியே கார்க்காரன் ஊதினான். இன்னும் பத்து அடி. அதற்குப் பிறகு அந்தக் கல்லைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

வாசல் வரை போன ஸஹீதா திரும்பினாள்.

"நபீஸா, கேக்க மறந்திட்டன். எங்கட வீட்டுலயும் ஒரு மாபிள் மேசை கிடக்கு. என்ட உம்மாட சாமான். மஞ்சள் பட்டு ஒரு வருசமாப் போகுதில்ல. தேசிக்காயாலதானே எல்லாத்தையும் போக்குவீங்க? நாளைக்கே பத்துத் தேசிக்காயப் பிழிஞ்சு ஊறப் போடுறன்."

கச்சி முகம்மது தொண்டையைக் கனைத்தார். ஓம் என்று ஒரு சொல் போதும் என்பது அந்தக் கனைப்பின் கருத்து. றபீக்கா உம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

நபீஸா குசினிக்குத் திரும்பிப் போனாள். வட்டாவைத் தூக்கி நிலத்தில் வைத்தாள்.

"போடாதீங்க" என்றாள்.

ஸஹீதா வந்து பார்த்தாள். குனிந்தாள். விரலை வைத்தாள், எடுத்தாள், திரும்பவும் வைத்தாள். கார்க்காரன் இரண்டாம் முறை ஊதினான். யாரும் திரும்பவில்லை.

"புள்ளட வேலையா?"

"புள்ள மஞ்சள வெச்சா. கல்லைத் திண்டது என்ட கை."

"எத்தனை தேசிக்காய்?"

"ஏழு."

ஸஹீதா நிமிர்ந்தாள். தேநீர்த் தட்டைப் பார்த்தாள், றபீக்காவைப் பார்த்தாள், கடைசியில் நபீஸாவின் சிவந்து வெந்திருந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு, எழுந்துவிட்டிருந்த அதே கதிரையில் மறுபடியும் உட்கார்ந்தாள். அன்று வந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத உறவுமுறையைச் சொல்லி நபீஸாவை அழைத்தாள்.

"அப்ப மஞ்சளுக்கு என்னதான் செய்யிற, சம்மந்தி?"

நபீஸா வெந்த விரல்களை முக்காட்டில் துடைத்தாள்.

"தெரியா" என்றாள்.