மூன்றாவது சீட்டுக்குக் காத்திராதவர்

செய்தி வந்தபோது நான் கும்பகோணத்தில் காப்பித்தூள் அரைக்கும் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "செல்வி மேடம் போயிட்டாங்க சார். காலையில காப்பி குடிச்சிட்டுப் படுத்தாங்களாம், அப்புறம் எழுந்திருக்கல" என்றார் போனில் கரீம் பாய். சரி என்று சொல்லிப் போனைப் பையில் போட்டேன். என் முறை வந்தது. சிக்கரி எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டார், வழக்கம்போலச் சொன்னேன். தூளை வீட்டுக்குக் கொண்டுவந்து டப்பாவில் கொட்டி மூடிவிட்டுத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

விதைப் பரிசோதனை நிலையத்தில் கலைச்செல்வியோடு வேலை பார்த்தவர்களும் பழகியவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவருக்கு வந்த புற்றுநோய் உங்களுக்குத் தெரியும். தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை முடிந்து தேறி வந்தார். நோய் திரும்பி வந்தது. சென்னையில் மாதக்கணக்கில் தங்கி இன்னொரு சிகிச்சை செய்து பார்க்கலாம், ஆனால் பெரிதாக நம்பிக்கை கொடுக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் போக மறுத்துவிட்டார். உடலை எடுத்த அன்று அவர் கணவர் ராஜேந்திரன் என்னைப் பந்தலுக்கு வெளியே தனியாக அழைத்துப் போனார். "நான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போயிருக்கணுமா சார்?" என்று கேட்டார். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற எனக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. அவர் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

செல்வி மேடம் சீட்டாடுவார் என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். ஒரு பொங்கல் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பியிடம் போக்கர் கற்றுக்கொண்டு, அதை எங்கள் தலையில் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டு மாடியில் நால்வர் உட்காருவோம்: அவர், அதே நிலையத்தில் வேலை பார்த்த நான், அலுவலக ஜீப் ஓட்டிய கரீம் பாய், ஆய்வகத்தில் உதவியாளரான பத்மா. காசு வைத்து ஆடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பந்தயம் புளியங்கொட்டைதான். ராஜேந்திரன் ஆட மாட்டார். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "அரசாங்க உத்தியோகம் நல்லா நடக்குது" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விடுவார்.

ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப்படும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொட்டையை ஏற்றலாம், இல்லையென்றால் கையைப் போட்டுவிட்டு விலகிவிடலாம். கடைசிவரை நிற்பவர்களில் பெரிய கை யாருடையதோ அவருக்கே எல்லாக் கொட்டையும். இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் நம் பக்கத்தில் சீட்டு என்றால் ரம்மி. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி முடித்த கையோடு ஜமக்காளம் விரிக்கிற ஊர் இது. ரம்மியில் இரண்டு ராஜா வந்தால் அது ஒன்றுமே இல்லை. மூன்றாவது வந்தால்தான் மதிப்பு. அந்தப் புத்தி எங்களை விடவில்லை. போக்கரில் ஒரு ஜோடி வந்ததும் நானும் கரீம் பாயும் வாயைத் திறக்காமல், யார் எவ்வளவு ஏற்றினாலும் கொட்டையைக் கொட்டிக்கொண்டு, மூன்றாவது வரும் வரும் என்று கடைசிச் சீட்டு வரை உட்கார்ந்திருப்போம். அது வராது. பெரும்பாலும் வரவே வராது.

"ஏன் சார் காத்திருக்கீங்க?" என்றார் செல்வி மேடம் ஒருநாள், என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு. "ரெண்டு ராஜா இருந்திருக்கு. இது அரைகுறை இல்ல, இதுவே ஒரு கை. முதல்லயே ஏத்தியிருந்தா பாதிப் பேர் ஓடியிருப்போம். எல்லாரையும் உள்ள விட்டுட்டு அப்புறம் தோத்துட்டேன்னா என்ன நியாயம்?" ஒற்றை ஜோடி ஒருவரை எதிர்த்து நிற்கும், மூன்று பேரை எதிர்த்து நிற்காது என்பது அவர் கட்சி.

வேலையிலும் அவர் அப்படித்தான் என்று அப்போது தோன்றியது. முளைப்புத்திறன் சோதனையில் தன் நெல் தேறவில்லை என்று ஒரு விதை வியாபாரி வந்து மன்றாடினார். "இன்னும் நாலு நாள் விட்டுப் பாருங்க மேடம், முளைச்சிடும்." மேடம் விதைகளை முளைக்க வைத்திருந்த தட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "முளைச்சதைத்தாங்க நான் எண்ணுவேன். முளைக்கப்போறத எண்ண மாட்டேன்." அந்த ஆள் வாசலில் நின்று என்னிடம் புலம்பினார். நானும் அவருக்கு ஒத்து ஊதிவிட்டுத்தான் வந்தேன்.

என்னை அவர் மண்ணைக் கவ்வ வைத்த ஆட்டம் ஒன்று உண்டு. என் கையில் எதுவும் இல்லை. இருந்த கொட்டையையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டு, இன்று யாரும் தப்ப முடியாது என்று அளந்துகொண்டிருந்தேன். அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு இரண்டு ஒன்பதைக் காட்டினார். வெறும் ஒன்பது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நிஜமா இருந்தா நீங்க இவ்வளவு பேச மாட்டீங்க சார்" என்றார். பத்மா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. இன்னொரு நாள் அதே மனுஷி இரண்டு ஏஸைப் போட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். இருப்பதிலேயே பெரிய ஜோடியான ஏஸை யாராவது போடுவார்களா என்று நான் குதித்தேன். "கரீம் பாய் தானா ஏத்துற ஆள் இல்ல. அவரே ஏத்துறாருன்னா என் ஜோடி பத்தாது. பத்தலன்னா வருத்தப்படலாம், பிடிச்சுத் தொங்கக் கூடாது" என்றார். கரீம் பாயின் சீட்டும் நடுவில் கிடந்ததும் சேர்ந்து வரிசையாக ஐந்து இருந்தது, எந்த ஜோடியையும் அடிக்கிற கை.

நோய் திரும்பியதும் நான் சென்னை டாக்டர்கள் பெயர்களோடு அவர் வீட்டுப் படியேறிக்கொண்டே இருந்தேன். இன்னொரு ஸ்கேன், இன்னொருவரின் கருத்து, இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் ஏதாவது வரலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க இன்னும் ரம்மிதான் ஆடுறீங்க சார்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இது விளையாட்டா என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. "வலிக்கு மருந்து இருக்கு. இந்த வீடு இருக்கு. இதை வச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போறேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்து வராததுக்குக் காத்திருக்க என்னால முடியாது." ராஜேந்திரன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து பூக்கும்வரை இருந்தார். அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஆடினார். சென்னைக்குப் போகாதது சரியா தவறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜேந்திரனே எங்களைக் கூப்பிட்டார். மாடியில் செல்வி மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கும் சீட்டுப் போடச் சொன்னார். சிறிது நேரத்தில் கரீம் பாய் ஏற்ற, ராஜேந்திரன் யோசித்துவிட்டுத் தன் சீட்டுகளைப் போட்டார். இரண்டு ஏழு. நானும் பத்மாவும் முன்பே போட்டுவிட்டதால் ஆட்டம் அதோடு முடிந்தது. நடுவில் வரவேண்டிய கடைசிச் சீட்டு திறக்காமல் கட்டின் மேலேயே இருந்தது. அவர் கட்டின் மேல் கை வைத்தார். "ஏழு வந்திருக்குமான்னு பாத்துடுறேன்." நாங்கள் எல்லோரும் அப்படிப் பார்ப்பவர்கள்தான், பார்த்துவிட்டு அன்று முழுக்கப் புலம்புபவர்கள்தான். செல்வி மேடம் மட்டும் பார்த்ததே இல்லை. போட்ட கையோடு கட்டைக் கலைத்துவிடுவார்.

நான் ராஜேந்திரன் கையைப் பிடித்தேன். "வேண்டாங்க" என்றேன். பிறகு, அன்று பந்தலுக்கு வெளியே வராத பேச்சு எப்படியோ வந்தது. "நீங்க கட்டாயப்படுத்தாதது சரிதாங்க. போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்." அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை, சீட்டுகள் மேஜையிலும் தரையிலும் சிதறின. பத்மா குனிந்து பொறுக்கினாள்.

செல்வி மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது இதுதான்: திறக்காத சீட்டைத் திறக்காமல் விடுவது. எனக்கு அது சுலபமாக வராது. தினமும் விடிந்ததும், அவர் சென்னைக்குப் போயிருந்தால் என்ற அந்தச் சீட்டின் மேல்தான் கை போகிறது. கையை எடுத்துக்கொள்கிறேன்.