நான் வாங்காத மோட்டார்ஹோம்

மூன்று வருடங்களுக்கு முன், மொன்றியலில் பனி கரைந்து முடிந்த ஏப்ரல் மாதத்தில் இது நடந்தது. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடங்கள் வேலை செய்துவிட்டு, அந்தக் குளிர்காலத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தேன். மாத்திரைகளில் கறையோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை. நான் திருமணம் செய்துகொண்டவள் அல்ல. வேலை நின்றபின், மாலையில் தொலைபேசி ஒலித்தால், தொண்டையைச் செருமிய பிறகே சொல் வெளிவரும். அன்று அதுதான் என் முதல் பேச்சாக இருக்கும்.

அண்ணா வின்னிபெக்கில், பள்ளித் தோழி வன்கூவரில். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினால், எவர் வீட்டிலும் விருந்தாளியாகத் தங்கி இடைஞ்சல் கொடுக்காமல் எல்லோரையும் பார்த்து வரலாம் என்று நினைத்தேன். ஓய்வுக்கெனச் சேர்த்ததில் பாதிக்கு மேல் அதற்குப் போகும் என்பதும் தெரியும்.

இணையத்தில் விளம்பரம் பார்த்து, ஒரு சனிக்கிழமை ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். விற்பவர் தமிழர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். வண்டியின் கதவைத் திறக்க முன்னரே, "அக்கா ஊரிலை எவடம்?" என்று கேட்டார். சொன்னேன். தன் மாமி வீடு என் பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கையில் என்றார்.

"அப்ப நீங்கள் எங்கடை ஆள். வேறை ஆருக்கும் இந்த விலைக்குக் குடுக்கமாட்டன். தனியவோ போகப் போறியள்? கரடி வந்தால் தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ."

சிரித்தேன். அப்படிச் சிரித்து நாட்களாகியிருந்தன.

உள்ளே வாசனைத் தெளிப்பானின் மணம் மூக்கைத் துளைத்தது. கட்டிலுக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் புதிய ஒட்டுத்தாள். பெருவிரலால் அழுத்தினேன். ஈரத்தில் ஊறிய பாண் துண்டைப் போலச் சுவர் உள்ளே போனது. விரலை எடுத்துக்கொண்டேன், ஒன்றும் கேட்கவில்லை. அவர் மாமி வீட்டு மாமரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மணிநேரம் கதைத்துவிட்டு வீடு திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்த சனிக்கிழமை காசோலையை எப்போது தருவது என்ற பேச்சு வந்தது. பத்திரங்களை எடுத்துவர அவர் உள்ளே போனபோது, அவர் மனைவி தேநீருடன் வந்தார். அதுவரை வாசலில் நின்றபடி அவர் தரும் ஒரு தலையசைப்புக்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. கோப்பையை நீட்டியவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவசரப்படாதேங்கோ, அக்கா. மழை பெய்யேக்கை ஒருக்கா வந்து பாருங்கோ."

கதவுச் சத்தம் கேட்டதும் அதே மூச்சில், உரக்க, "சீனி காணுமோ?" என்றார்.

வியாழக்கிழமை நல்ல மழை. வரலாமா என்று விற்பவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "இண்டைக்கு நேரமில்லை அக்கா, சனிக்கிழமை வாங்கோ. வெய்யிலாம்" என்றார். ஆனாலும் போனேன். வேறு வழியின்றி வண்டியைத் திறந்தார். கட்டிலின் மேல் ஒரு பிளாஸ்டிக் பேசின். மூலையிலிருந்து சொட்டிய நீர் அதில் பாதிக்கு நிறைந்திருந்தது.

"சின்ன ஒழுக்கு. சிலிக்கன் பூசினால் சரி."

"எனக்கு இது வேண்டாம், தம்பி."

அவர் முகம் இறுகியது. "ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டவரின் கண்கள், மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் யன்னல் பக்கம் போயின.

"ஒருத்தரும் சொல்லேல்லை. இருபத்திரண்டு வரியம் கறை பார்த்த ஆள் நான். முதல் நாளே கண்டுட்டன்."

அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவசரமாக அப்படிச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகே, அதில் பாதிக்கு மேல் உண்மை என்பது உறைத்தது.

"அப்ப என்னத்துக்கு மூண்டு சனிக்கிழமையும் வந்தனீங்கள்?"

கோபத்தில் அல்ல, விளங்காமல்தான் கேட்டார். அந்த வண்டிக்குள் இருந்த நேரத்தில் மட்டும், யாரோ என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? குடையை விரித்துக்கொண்டு காருக்கு நடந்தேன்.

அவர் மீது எனக்குக் கோபம் நெடுநாள் நிலைக்கவில்லை. நான் கேட்க விரும்பியதைத்தான் அவர் எனக்குச் சொன்னார். மனம் சுற்றிச் சுற்றிப் போவதெல்லாம் அவர் மனைவியிடம்தான். நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் அந்த வீட்டிலேயே இருந்தார். ஒருவரின் பேச்சுக்காக அவ்வளவு ஏங்கிக் கிடந்த நான், அதே வாசலில் என்னைப் போலவே பேச ஆளின்றி நின்ற ஒருத்தியை மூன்று வாரங்களாகப் பார்க்கத் தவறினேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.