கோட்டுக்கு வெளியே ஒட்டிய அம்பு

வியாழக்கிழமை காலை வேலை தொடங்கிய நேரத்தில் செய்தி வந்தது. எங்கள் பனியன் கம்பெனியின் தரப் பரிசோதனை மேலாளர் தங்கமுத்து, பொங்கலூரில் தன் வீட்டில் மாரடைப்பால் காலமாகிவிட்டார். திங்கட்கிழமை அவர் என் மேசையில் வைத்துவிட்டுப் போன கவர் பிரிக்கப்படாமல் கிடந்தது. துக்கத்துக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். நான் மனிதவளப் பிரிவில் இருப்பவள். கல்லூரியில் கால்பந்து ஆடியதால் எங்கள் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களின் அணிக்கும் பயிற்சியாளர். தங்கமுத்து வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் எங்கள் கோலுக்குப் பின்னால் வந்து நிற்பார். கையில் மைதானத்தை வரைந்த ஓர் அட்டை. சட்டைப்பையில், பனியனில் குறை உள்ள இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர். எதிரணி எங்கள் தடுப்பைத் தாண்டி ஓடிய இடத்திலெல்லாம் ஓர் அம்பு ஒட்டுவார்.

மூன்று கோல் போட்டு ஜெயித்த அன்றும் அட்டையை நீட்டினார். பதினான்கு அம்புகள். நாம் ஒரு கோல்கூட வாங்கவில்லையே என்றேன். "வாங்கலீங்க. அவங்களுக்கு அடிக்கத் தெரியலீங்க. ஓட உட்டது நாமதானுங்களே?" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வாங்க இரண்டு வருடம் முயன்றேன். ஒரே ஒருமுறை "பரவால்லீங்க" என்றார். அதுவும் மழையால் ஆட்டம் பத்து நிமிடத்தில் நின்றுபோன நாளில்.

இந்த மாதம் அம்புகள் இடப்பக்கமே குவிந்தன. அங்கே தடுப்பவள் சுனிதா; ஜார்க்கண்டிலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் தைப்பவள். அரையிறுதியைப் பார்க்க மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஊருக்கு எடுத்திருந்த டிக்கெட்டையே ரத்து செய்தவள். அந்த ஆட்டத்தில் அவளை இறக்காமல் உட்கார வைக்க முடிவு செய்தேன். அவர் இறப்பதற்கு முந்தின ஞாயிறு ஆட்டம் முடிந்ததும், அவருடைய அட்டைகளையே அவரிடம் ஆதாரமாகக் காட்டினேன்.

"ஏனுங்க மேடம், துணியில ஒரே கோட்டுல ஓட்டை வந்துட்டே இருந்தா துணியவா திட்டுவீங்க? நிட்டிங் மெஷின்ல ஊசியப் பாக்க மாட்டீங்களா?"

"இங்க ஊசி யாருங்க சார்?"

"நீங்கதானுங்க."

அதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆஃப்சைடு தெரியாதவர் எனக்குத் தடுப்பாட்டம் சொல்லித் தர வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் கவர் வந்தது.

பொங்கலூரிலிருந்து திரும்பி வந்துதான் அதைப் பிரித்தேன். அதே அட்டை, இம்முறை ஒரே ஓர் அம்பு. அது மைதானத்துக்குள் இல்லை. பக்கக்கோட்டுக்கு வெளியே, நான் நிற்கிற இடத்தில் ஒட்டியிருந்தது. கீழே பேனாவால் எழுதியிருந்தார்: "இங்கிருந்து ஏறு ஏறுன்னு சத்தம் வருதுங்க. புள்ள ஏறிப் போகுது. அது உட்டுட்டுப் போற எடத்துக்கு யாரும் வர்றதில்லீங்க."

உண்மைதான். சுனிதாவை முன்னால் ஏறி ஆடச் சொன்ன நான், அந்த இடத்தை நிரப்பச் சொல்லி ஒருத்தியிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிறு அரையிறுதியில் சுனிதா ஆடினாள். அவள் ஏறும்போதெல்லாம் நடுவில் ஆடுகிறவள், நான் சொல்லிவைத்தபடி, அந்த இடத்துக்குப் பின்னால் நகர்ந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கார்னர் கிக்கில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். ஆனால் தேர்வாளர்கள் சுனிதாவின் பெயரை எழுதிக்கொண்டார்கள். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, சார் இருந்திருந்தால் எத்தனை அம்பு ஒட்டியிருப்பார் என்று கேட்டாள். இடப்பக்கம் இரண்டு என்றேன். கோலுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்து, "பரவால்லீங்க" என்றாள், அவர் குரலிலேயே.

அந்த அட்டையை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். நீங்கள் சொன்னது சரிங்க சார் என்று சொல்ல எனக்கு மூன்று நாள் இருந்தது. கவரைப் பிரித்திருந்தால் போதும்.