ஏழு நிமிடம் நாற்பத்தொரு வினாடி

அந்தப் பாட்டை நான் ஒருமுறைகூட அமைதியில் கேட்டிருக்கவில்லை. அதைப் பற்றி எழுதிவந்த நாட்களில் இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதெல்லாம் சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் காலை எட்டு பத்து டவுன் பஸ்ஸில், வலப்பக்கம் மட்டும் வேலை செய்யும் இயர்போனில்.

பதினோரு நிமிடப் பாட்டு. கடுங்குளிர் நாடொன்றின் துறைமுக நகரத்தில், என் அப்பா கைக்குழந்தையாக இருந்த காலத்தில், நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரே ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். அது விற்கவில்லை, அவர்களும் கலைந்துபோனார்கள். அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசியாக இருப்பது இது. இவ்வகை இசையைப் புராக்ரசிவ் ராக் என்கிறார்கள். பல்லவிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வேறெங்கோ போய்விடும். தாளம் நடுவழியில் மாறும். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டியதை மூன்று மடங்கு நீட்டும். முதுகலைத் தமிழ்ப் பாடத்துக்கான சொற்பொழிவு ஒன்று முடிந்து கைபேசி தானாக அடுத்த காணொளிக்குத் தாவியபோது இது ஓடத் தொடங்கியது. நான் நிறுத்தவில்லை.

பாட்டின் பொருள் எளியது. இடிக்கப்படவிருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். நான்காம் மாடியில் ஒருவன் மட்டும் போகாமல் இருக்கிறான். ஏன் போகவில்லை என்று அவன் சொல்வதில்லை. ஒவ்வொரு மாடியாக இறங்கி, ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் ஏறி வருகிறான். ஏழாவது நிமிடத்துக்கு முன்பே எல்லாக் கருவிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும். ஆர்கனின் ஒரு தாழ்ந்த சுரம் மட்டும் கேட்டும் கேளாமலும் ஒன்றரை நிமிடம் கிடக்கும். அதன் பிறகு முதல் வரியையே அவன் இன்னும் தாழ்ந்த குரலில் பாடுவான்.

காணொளிக்குக் கீழே நாற்பது பேர்போல் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் முகமில்லை, யார், எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. டிரம்ஸ் எந்த இடத்தில் அரை அடி பிந்துகிறது, இரண்டாம் சரணத்தில் பாடகன் ஏன் மூச்சை மறைக்கவில்லை என்றெல்லாம் ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதுவார்கள். அந்த ஒன்றரை நிமிடத்துக்குக் காலி மாடி என்று பெயரிட்டிருந்தார்கள். கட்டடத்தில் அவன் தனியாக இருக்கிறானா, வேறு யாரேனும் உண்டா என்பது அவர்களுக்குள் தீராத வழக்கு. தேர்வில் நயம் பாராட்டுக என்ற வினாவுக்கு எதுகையையும் மோனையையும் அடிக்கோடிட்டுப் பத்து மதிப்பெண் வாங்கிப் பழகியவள் நான். பாராட்டுதல் என்பதை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். வகுப்பில் வாய் திறக்காத நான், அங்கே சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதினேன். என் குறிப்புகளுக்காகக் காத்திருக்கிறோம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.

வீட்டில் கேட்க முடியாது. இரண்டு அறைகள், நடுவே கதவு கிடையாது, சேலைத் துணியில் தைத்த திரை. அப்பா கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தொலைக்காட்சி உச்ச ஒலியில் ஓடும். செய்தி வாசிப்பவர் எங்கள் தெரு முழுவதற்கும் சேர்த்தே வாசிப்பார். அந்த ஒலியை மீறிப் பேசிப் பேசி அம்மாவின் குரலும் ஏறிவிட்டது. ஒரு நாள் நான் இயர்போனை எடுத்தபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. "காதுல எதையாச்சும் அடைச்சுக்கிட்டுக் கெடந்தா, நான் கூப்பிடுதது ஒனக்கு எப்பிடிட்டி கேக்கும்?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதைத் தொட்டதில்லை. கல்லூரிக்குள் நுழைந்தால் கைபேசியை அணைத்துவிட வேண்டும். மாலைப் பேருந்தில் காலூன்றவே இடமிருக்காது. ஆக, ஒரு நாளில் எனக்கென்று இருந்தது காலைப் பயணம் மட்டும். அதிலும் பதினோரு நிமிடம்.

மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டை வாங்கி, பஸ் கிளம்பியதும் பாட்டைத் தொடங்குவேன். ஜன்னலோரம் அமர்ந்து வெளியே பார்ப்பேன். உள்ளே திரும்பினால் யாராவது தெரிந்தவர் பேசத் தொடங்கிவிடுவார். அப்படி ஒரு காலையில், காலி மாடியின் நடுவே, மிக மெல்லிய மூன்று தட்டல்களைக் கேட்டேன். உலோகத்தின் மேல் உலோகம். ஒன்று, இரண்டு, சிறு இடைவெளி விட்டு மூன்று. திரையைப் பார்த்தேன்: ஏழு நிமிடம் நாற்பத்தொரு வினாடி. மறுநாளும் கேட்டது, சற்று முன்னதாகவோ பின்னதாகவோ இருக்கலாம், நான் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கேட்டது போதுமென்று நினைத்தேன்.

அன்று மாலை எழுதினேன். காலி மாடியில், இந்த வினாடியில், யாரோ சுவருக்கு அப்பால் குழாயைத் தட்டுகிறார்கள். எனவே அவன் தனியாக இல்லை. அவனும் அதைக் கேட்டதால்தான் முதல் வரியைத் தாழ்ந்த குரலில், தட்டியவருக்கு மட்டும் கேட்கும்படி, மறுபடி பாடுகிறான். ஒருவர் தனக்குக் கேட்கவில்லையே என்றார். வலப்பக்க ஒலியில் மட்டும் இருக்கிறது என்று பதில் எழுதினேன். என் இயர்போனில் இடப்பக்கம் செத்துப்போய் ஓராண்டு ஆகியிருந்தது.

அடுத்த வாரத்தில் பலருக்கும் கேட்டது. வலப்பக்கத்தில்தான் என்று உறுதிசெய்தார்கள். காணொளியை ஏற்றியவர் என் குறிப்பை மேலே, விளக்கத்திலேயே சேர்த்துவிட்டார். கலங்கரை விளக்கம் ஒன்றின் படத்தை வைத்திருந்த ஒருவர், அதுவரை இரண்டு வரிக்கு மேல் எழுதாதவர், நீளமாக எழுதினார். கிழக்கே, நமக்கு நாலரை மணி நேரம் முன்பே விடியும் ஒரு நாட்டில் இருக்கிறாராம்; நோயினால் மூன்றாண்டுகளாகத் தன் வீட்டின் படிக்கட்டை இறங்க முடியவில்லையாம். இந்தப் பாட்டை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டும் அந்தத் தட்டல் தன் செவிக்கு எட்டாமல் போனது வியப்பு என்றார். இப்போது தினமும் அந்த வினாடிக்காகவே பாட்டைப் போடுவதாகவும், அது வந்த பிறகே மதிய உணவைச் சாப்பிடுவதாகவும் எழுதியிருந்தார்.

நான் அதைப் பலமுறை படித்தேன். இவ்வளவு மகிழ்ச்சி எனக்குப் பழக்கமில்லை.

சோதனை அப்பா வழியாக வந்தது. தொழிற்சாலையில் அவரது பிரிவில் எல்லாரும் செவித்திறன் அறிக்கை கொடுக்க வேண்டும் என்றார்கள். பாளையங்கோட்டையில் ஒரு காது மருத்துவமனைக்கு அவருடன் நான் போனேன். ஒலிபுகாத சிறு அறை. ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய இரும்புப் பெட்டி என்றே சொல்லலாம். கதவின் கனம் ஒரு சாண் இருக்கும். பக்கவாட்டில் ஒரு கண்ணாடி. அப்பாவை உள்ளே உட்கார வைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டுப் பரிசோதிக்கும் அக்கா வெளியே கருவியின் முன் அமர்ந்தார். அப்பா எல்லா ஒலிக்கும் சரியாக அழுத்தினார். அந்த அக்கா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"அண்ணாச்சி, என் கையப் பாத்துல்லா அமுக்குதீய. அங்கன சுவரப் பாத்து திரும்பி ஒக்காருங்க."

அப்பா திரும்பி உட்கார்ந்தார். அதன் பிறகு அவருடைய விரல் வெகுநேரம் அசையவில்லை.

அறிக்கை அச்சாகக் கால்மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்பா தேநீர் குடிக்க வெளியே போனார். நான் அந்த அறையின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாதவரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை; அன்று கேட்டேன். பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்கலாமா?

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டுக் கேக்கதுக்கா? நல்ல ஆளும்மா நீ." பிறகு சிரித்துவிட்டார். "போ. கதவ வெளிய இருந்துதான் தெறக்க முடியும், பயந்துராத."

கதவு மூடியதும் என் காதுக்குள் இரத்தம் ஓடுவது கேட்டது. இருபத்திரண்டு வயதுவரை அப்படியொரு அமைதியில் நான் இருந்ததில்லை. விடுதலையாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். யாரோ தலையை இரு கையாலும் பிடித்து அமுக்குவதுபோல் இருந்தது. வலக்காதில் அதே இயர்போனைச் செருகி, கைபேசியில் பதிந்து வைத்திருந்த பாட்டைத் தொடங்கினேன். காலி மாடி வந்தது. ஆர்கனின் சுரம் நான் நினைத்ததைவிட நீளமாக, நடுக்கத்துடன் இருந்தது. வாசிப்பவர் நாற்காலியில் அசைவதுகூடக் கேட்டது. ஏழு நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. ஒன்றுமில்லை. பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். அந்த இடத்தில் சுரம் மட்டும் கிடந்தது.

அவன் தனியாகத்தான் இருந்தான்.

நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அப்பால் அப்பா நின்றார். உதடுகள் அசைந்தன. ஏதோ கேட்கிறார், பதில் வராததால் மீண்டும் கேட்கிறார். எனக்கு ஒரு ஒலியும் எட்டவில்லை. எழுந்து கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளே கைப்பிடியே இல்லை. அக்கா வந்து திறக்கும்வரை கண்ணாடியின் இரு பக்கமும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சாப்புட்டுப் போலாமான்னு கேட்டேன்" என்றார் அப்பா.

"கேக்கலப்பா."

"ஒனக்குமா?" என்று சிரித்தார். அறிக்கையை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். நான் மறுக்கவில்லை. தொலைக்காட்சி ஓடத் தொடங்கியது.

மறுநாள் பேருந்தில் இயர்போனை எடுக்கவில்லை. ரைஸ் மில் நிறுத்தத்தில் வண்டி நின்றது. ஆட்கள் ஏறி முடித்தார்கள். அப்போது பின்னாலிருந்து நடத்துநர், தலைக்கு மேலிருந்த இரும்புக் கம்பியில் சீட்டு வழங்கும் கருவியின் விளிம்பால் தட்டினார். ஒன்று, இரண்டு, சிறு இடைவெளி விட்டு மூன்று. இத்தனை மாதங்களாக அவர் தட்டியிருக்கிறார். நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவர் என் பக்கம் வந்தபோது, அப்படித் தட்டுவது எதற்கு என்று கேட்டேன். நான் பேசியதில் அவருக்கே வியப்பு.

"விசில் ஊதுனா டிரைவரு எடுத்துருவாருல்லா. தட்டுனா நிப்பாரு. ஆள் வருதுன்னு அர்த்தம்." ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். ஆலைக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "தெனமும் இதே கததான். இன்னைக்குக் காதுல ஒண்ணையும் காணுமே?"

அந்தப் பருவத்தில்தான் எங்களுக்குப் பதிப்பியல் ஒரு பாடம். இடைச்செருகலைக் கண்டறிவது எப்படி என்று கட்டுரை எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருந்தேன். பழைய ஏட்டில் தன் வரியை நுழைத்துவிட்டுப் போனவர்களைப் பற்றி அதில் சற்றுக் கடுமையாகவே எழுதியிருந்தேன். அவர்களும் கெட்ட எண்ணத்தோடுதான் நுழைத்தார்களா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒன்பது நாட்கள் எதுவும் எழுதவில்லை. சொல்லாமல் விடலாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இத்தனை பேருக்குக் கேட்கிறது. சொன்னால், என்னை ஒரு பொருட்டாக மதித்த ஒரே இடம் போய்விடும். அது மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். படிக்கட்டு இறங்க முடியாத அந்த மனிதரின் மதிய உணவுதான் என்னை நிறுத்தியது. ஒவ்வொரு நாளும் அவர் ஒருமுறை அந்த வினாடிக்குக் காத்திருக்கிறார். சொல்லாதவரை நானும் ஒவ்வொரு நாளும் ஒருமுறை பொய் சொல்கிறேன்.

பத்தாம் நாள் எழுதினேன். பேருந்து, கம்பி, நடத்துநர், வேலை செய்யாத இடப்பக்கம், ஒலிபுகாத அறை, எல்லாவற்றையும் வரிசையாக, காரணம் கற்பிக்காமல் எழுதினேன். தட்டலின் பொருள் என்னவென்று நடத்துநர் சொன்னதையும் ஒரு வரியில் சேர்த்தேன். விளக்கத்திலிருந்து என் குறிப்பை எடுத்துவிடும்படி காணொளியை ஏற்றியவரைக் கேட்டுக்கொண்டேன்.

அவர் அன்றே எடுத்துவிட்டார். நன்றி என்று ஒரு சொல் எழுதினார். வலப்பக்கத்தில் கேட்டதாக உறுதிசெய்தவர்களில் இருவர் தங்கள் குறிப்புகளை நீக்கினார்கள். ஒருவர், இல்லை, எனக்கு இப்போதும் கேட்கிறது, நீங்கள்தான் தவறு என்று என்னோடு வாதிட்டார். அதன்பின் பேச்சு வேறு பாட்டுக்கு நகர்ந்துவிட்டது. என் பழைய குறிப்புகளுக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. கலங்கரை விளக்கத்திடமிருந்து பதிலே இல்லை. அவர் எழுதிய நீண்ட குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று தினமும் பார்த்தேன். இருந்தது.

பதினேழாம் நாள் அவர் எழுதினார். குற்றச்சாட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஒரே ஒரு கேள்வி. அந்தப் பேருந்து அந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்கும்?

அப்போது நான் அதே பேருந்தில், அதே ஜன்னலோரத்தில் இருந்தேன். ரைஸ் மில் நிறுத்தம் வர இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. வண்டி நின்று, கம்பியில் தட்டல் விழுந்து, பெண்கள் ஏறி, விசில் ஊதும்வரை காத்திருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டேன். காலை எட்டு பதினெட்டு என்று எழுதினேன்; சில நாட்களில் எட்டு இருபது ஆகும். அவருடைய நாட்டில் அது பிற்பகல் என்பதையும் கணக்கிட்டுக் குறித்தேன்.

அனுப்பிய பிறகு மீண்டும் திறந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பேருந்து கிடையாது என்பதையும் சேர்த்தேன்.